பல இயந்திரங்களின் உறுப்புகளில் ஒரு வாகனம்

இடம்பெயர்ந்தும் மீளக்குடியேறியும் வாழும் நமது விவசாயக் குடும்பங்களின் வளவுகளில் முழு வாகனம் ஒன்றைக் காண்பது அரிது. வாகனத்தின் துண்டுகளைத்தான் காணலாம். ஒரு வீட்டில் தண்ணீர் இறைத்த டீசல் இயந்திரம் கிடக்கும். அடுத்த வீட்டில் பழைய ஜீப்பின் பின்னச்சு, இன்னொரு வீட்டில் இயந்திரம் இல்லாத வானின் கியர்பொக்ஸ். 2009இல் முள்ளிவாய்க்கால் பக்கம் விட்டுவந்த உழவு இயந்திரத்தின் பெட்டி மட்டும் பின்னர் கைக்குக் கிடைத்தவர்களும் இருப்பார்கள். இவற்றையெல்லாம் சேர்த்து வயலுக்கும் சந்தைக்கும் போய்வர ஒரு பார வண்டி செய்யலாமா என்பது நமது இளைஞர்களின் கேள்வி.

செய்யலாம். உலகின் பல இடங்களில் செய்திருக்கிறார்கள். 1945க்குப் பின் அமெரிக்கப் படையினர் பிலிப்பைன்ஸில் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, கூரை போட்டு, மக்கள் ஏறும் 'ஜீப்னி' ஆக்கினார்கள். வட இந்தியக் கிராமங்களில் தண்ணீர்ப் பம்பியின் டீசல் இயந்திரத்தை மரச்சட்டத்தில் பூட்டி, பழைய ஜீப்பின் அச்சும் சில்லும் போட்டு, 'ஜுகாட்' என்று ஓட்டுகிறார்கள். ஆனால் ஓடவைப்பது வேறு; பாரத்தோடு பத்திரமாகப் போய் வருவது வேறு. இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள தூரத்தை அளந்து பார்ப்பதே இப்பாடத்தின் நோக்கம். அதற்கு, இதே வேலையை விளையாட்டாகச் செய்யும் சிலரின் பட்டறைக்கு முதலில் போவோம்.

பிரித்தானியாவில் ஒரு மெதுவான போட்டி

மோட்டார் போட்டி என்றதும் வேகம்தான் மனதில் வரும். பிரித்தானியாவில் 'ட்ரயல்' என்ற பெயரில் நடக்கும் போட்டியில் வேகத்துக்கு மதிப்பே இல்லை. ஒரு மலைச்சரிவிலோ, காட்டிலோ, கைவிட்ட கல்லுக் கிடங்கிலோ இரண்டிரண்டாகக் குச்சிகளை நட்டு வைப்பார்கள். சேறு, பாறை, நீரோடை, செங்குத்தான ஏற்றம் எல்லாம் அந்தக் குச்சிகளுக்கு இடையில் வரும். ஓட்டுபவர் குச்சியைத் தொடாமலும் நடுவில் நிற்காமலும் போகவேண்டும். குச்சி தொடப்பட்டால் அல்லது வாகனம் நின்றுவிட்டால் அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. கூடிய தூரம் போனவருக்குக் குறைந்த தண்டப் புள்ளி. நடந்து போகிற ஒருவர் கூடவே வந்து பார்க்கக்கூடிய வேகத்தில்தான் பெரும்பாலும் எல்லாம் நடக்கும்.

மாரி காலத்தில் குளக்கட்டிலிருந்து வயலுக்கு இறங்கி, வாய்க்காலைத் தாண்டி, நெல் மூட்டைகளோடு திரும்பி வருகிற நமது வேலைக்கு இதைவிடக் கிட்டிய போட்டி இல்லை. அதனால்தான் இதைத் தெரிந்தெடுத்தேன். அவர்கள் அநேகமாகப் புதிய வாகனத்தை இந்தப் பாட்டுக்கு விடுவதில்லை. பழைய லாண்ட் றோவரின் உடல், இன்னொன்றின் செசி, வேறொன்றின் அச்சு, மூன்றாவதன் இயந்திரம் என்று சேர்த்து, வீட்டுக் கொட்டிலில் தாங்களே செய்கிறார்கள்.

இதில் ஒரு வரலாற்றுப் பொருத்தமும் உண்டு. லாண்ட் றோவர் தானே கலப்பு உறுப்புகளில் பிறந்த வாகனம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், றோவர் நிறுவனத்தின் தொழில்நுட்பத் தலைவர் மொறிஸ் வில்க்ஸ், வேல்ஸ் நாட்டின் அங்கிள்சி தீவிலிருந்த தமது காணியில் படையினர் கழித்துவிட்ட ஒரு வில்லிஸ் ஜீப்பை வைத்து வேலை செய்தார். அது பழுதானால் பதிலுக்கு என்ன வாங்குவது என்ற கேள்விதான் ஆரம்பம். 1947இல் செய்த முதல் மாதிரிக்கு ஜீப்பின் செசியை எடுத்து, அதில் றோவர் காரின் இயந்திரத்தைப் பூட்டினார்கள். உழவு இயந்திரம் போலவும் பயன்படட்டும் என்று ஓட்டுபவரை நடுவில் இருத்தினார்கள். போருக்குப் பின் உருக்குக்குப் பங்கீடு இருந்தபடியால் உடலை அலுமினியக் கலப்புத் தகட்டில் செய்தார்கள். செசிக்குப் பெரிய அச்சு வார்ப்புகள் செய்யப் பணமில்லை. தட்டைத் தகடுகளை வெட்டி நான்கு பக்கமும் ஒட்டிப் பெட்டிக் குழாய் போல ஆக்கினார்கள். 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்ரர்டாம் கண்காட்சியில் அது வெளிவந்தது.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த முதல் மாதிரியை அவர்கள் அப்படியே விற்கவில்லை. ஜீப் செசி போய்விட்டது. நடு இருக்கையும் போய்விட்டது. கலப்பு உறுப்பில் செய்தது கற்றுக்கொள்வதற்காக. கற்றது முடிந்ததும், ஒவ்வோர் உறுப்பையும் அது சுமக்கப் போகும் பாரத்துக்கு ஏற்றபடி மாற்றினார்கள்.

வலு கூடினால் எங்கே முறியும்?

1970இல் வந்த றேஞ்ச் றோவரில் சுருள் ஸ்பிறிங் இருந்தது. தகட்டு ஸ்பிறிங்கைவிட இது சில்லை அதிகம் ஏறி இறங்க விடும். ஆகவே மேடு பள்ளத்தில் நான்கு சில்லும் நிலத்தில் பதிந்து நிற்கும். ட்ரயல் வாகனம் செய்பவர்கள் துருப்பிடித்த றேஞ்ச் றோவர் ஒன்றை வாங்கி, உடலைக் கழற்றி எறிந்துவிட்டு, செசியை வெட்டிக் குறுக்குவார்கள். முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடையே 100 அங்குலம் இருந்ததை 80 அல்லது 88 அங்குலமாக்குவார்கள். இடைத்தூரம் குறைந்தால் வரம்பு போன்ற மேட்டில் ஏறும்போது வயிறு தட்டாது. ஒடுங்கிய இடத்தில் திரும்பவும் முடியும். இதற்கு விலை உண்டு. குறுகிய வாகனம் செங்குத்தான ஏற்றத்தில் பின்பக்கமாகப் புரளக்கூடியது. அதனால்தான் அவர்கள் தலைக்கு மேல் இரும்புக் குழாய்க் கூடும் உடம்பைக் கட்டும் பட்டியும் போட்டுக்கொள்கிறார்கள். குறுக்கும் வேலையைப் பார்த்துப் பழகிவிட்டுக் கூட்டை மறந்துவிடக் கூடாது.

அந்த றேஞ்ச் றோவரில் 3.5 லீற்றர் வி-8 இயந்திரம் இருந்தது. அதுவும் சொந்தச் சரக்கல்ல. அமெரிக்காவின் பியூயிக் கார்களுக்குச் செய்யப்பட்டு, பிறகு கைவிடப்பட்ட அலுமினிய இயந்திரத்தின் உரிமையை 1965இல் றோவர் வாங்கியது. வலுவுக்குப் பாரம் குறைந்த நல்ல இயந்திரம். ஆகவே பழைய லாண்ட் றோவர் வைத்திருந்த பலர் அதை எடுத்துத் தங்கள் வாகனத்தில் பூட்டினார்கள். சந்தோஷமாக மலை ஏறினார்கள். பின்னச்சின் உள்ளே சில்லைச் சுழற்றும் தண்டு முறிந்தது.

பழைய தண்டு மோசமானது அல்ல. நான்கு சிலிண்டர் இயந்திரத்தின் வலுவைச் சுமக்க அளவாகச் செய்யப்பட்டது அது. தண்டை மாற்றினால் அடுத்ததாகக் கியர்பொக்ஸ் தேயும். அதையும் தவிர்க்க நீளமான லாண்ட் றோவரின் தடித்த பின்னச்சைக் கொண்டுவந்து போட்டால், அச்சு தாங்கும். ஆனால் அதன் நடுவிலுள்ள உருண்டைக் கூடு பெரிது, நிலத்துக்குக் கிட்டத் தொங்கும், பாறையில் முட்டும். பாரமும் கூட.

நற்செய்தியில் வரும் ஒட்டுத்துணி உவமையை நாங்கள் ஆன்மீகப் பொருளில்தான் வாசிக்கிறோம். தையல்காரருக்கும் வெல்டிங் வேலை செய்பவருக்கும் அது நேரடிப் பொருளிலேயே உண்மை. பலமான துண்டு அயலில் உள்ள பலம் குறைந்த துண்டை இழுத்துக் கிழிக்கும். ஆகவே பழைய இரும்புக் கடையில் ஓர் உறுப்பை வாங்கும்போது 'இது நல்லதா?' என்று கேட்பதோடு நிற்காமல், 'இது எந்த வாகனத்தில் இருந்தது? அது எவ்வளவு பாரம்? எந்த இயந்திரத்தோடு வேலை செய்தது?' என்றும் கேளுங்கள்.

நமது மெக்கானிக்குகளுக்கு இந்த அறிவு புதியதல்ல. 1990களில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில், பழைய ஒஸ்ரின், மொறிஸ் மைனர் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். ஏன் அந்தப் பழைய கார்களைத் தேடினார்கள்? பழைய இயந்திரங்கள் காற்றையும் எரிபொருளையும் அதிகம் நெருக்குவதில்லை. குறைந்த நெருக்கத்தில்தான் மண்ணெண்ணெய் தட்டாமல் எரியும். அதிகம் நெருக்கும் புதிய இயந்திரத்தில் அதே எண்ணெயை ஊற்றினால் பிஸ்ரன் போய்விடும். எந்த உறுப்பு எதைத் தாங்கும் என்று பார்த்துப் பொருத்திய வேலைதான் அதுவும்.

கியர்க் கணக்கு

இனிக் கொஞ்சம் கணக்கு. கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண தரம் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் பக்கத்தில் இருத்துங்கள்.

1971இல் வந்த மூன்றாம் தொடர் லாண்ட் றோவரை எடுப்போம். அதன் முதல் கியரில் இயந்திரம் 3.68 தரம் சுற்றினால் கியர்பொக்ஸின் தண்டு ஒரு தரம் சுற்றும். அதற்குப் பின்னால் மெதுவான ஓட்டத்துக்கென்று இன்னொரு சிறு பெட்டி உண்டு. அதன் குறைப்பு 2.35. அச்சின் நடுவிலுள்ள டிஃபரன்சலின் குறைப்பு 4.7. மூன்றையும் பெருக்கினால் 40க்குச் சற்று மேல் வரும். அதாவது இயந்திரம் 40 தரம் சுற்றச் சில்லு ஒரு தரம் சுற்றும். இயந்திரம் நிமிடத்துக்கு 1,000 சுற்று ஓடினால் சில்லு 25 சுற்று. ரயரின் சுற்றளவு 2½ மீற்றர் என்றால், ஒரு நிமிடத்தில் 62 மீற்றர். மணிக்கு 4 கிலோமீற்றருக்கும் குறைவு. மாடு வண்டி இழுக்கும் வேகம். சேற்றில் வேண்டியது அதுதான். வேகம் 40ஆல் பிரிவதுபோல, முறுக்கும் வலு ஏறக்குறைய 40ஆல் பெருகும். குதிரைவலு கூடிய இயந்திரம் தேடி அலைபவர்கள் இந்த இடத்தில் நின்று யோசிக்க வேண்டும். ஏற்றத்தை ஏறவைப்பது பெரும்பாலும் குறைந்த கியர்தான்.

இப்போது அதே வாகனத்தில் றேஞ்ச் றோவரின் அச்சைப் போட்டுப் பார்ப்போம். அதன் டிஃபரன்சல் 3.54. பெருக்கினால் 30க்குச் சற்று மேல். மெதுவாக இழுக்கும் வலுவில் கால்வாசி போய்விட்டது. வெளியில் பார்த்தால் இரண்டு அச்சும் ஒரே மாதிரி அச்சுத்தான்!

இதைவிடப் பெரிய தவறு, முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு மற்றதும் போடுவது. நான்கு சில்லும் சேர்ந்து இழுக்கும்போது முன் சில்லு ஒரு வேகத்தில் ஓடப் பார்க்கும், பின் சில்லு வேறு வேகத்தில் ஓடப் பார்க்கும். சேற்றில் வழுக்கித் தப்பிக்கொள்ளும். தார் றோட்டில் வழுக்க இடமில்லை. தண்டுகள் முறுகி முறுகி, எது பலம் குறைந்ததோ அது உடையும். முன்னும் பின்னும் வேறு வேறு உயரமான ரயர் போடுவதும் இதே பிழையின் சிறிய வடிவம்.

பெயர்த்தகடு இல்லாத அச்சின் குறைப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? நிலத்திலுள்ள சில்லுக்கு இரு பக்கமும் கல் வைத்து அசையாமல் செய்யுங்கள். ஒரு பக்கச் சில்லை மட்டும் ஜாக்கியில் தூக்கி, கீழே மரக்குற்றி வைத்துத் தாங்குங்கள். கியரை விடுவித்த பின், தூக்கிய சில்லைக் கையால் 20 தரம் சுற்றுங்கள். கியர்பொக்ஸிலிருந்து அச்சுக்கு வரும் நீளத் தண்டில் சோக்கட்டியால் கோடிட்டு, அது எத்தனை தரம் சுற்றியது என்று இன்னொருவர் எண்ணட்டும். ஒரு சில்லு நிலத்தில் நிற்பதால், மற்றது இரண்டு தரம் சுற்றினால்தான் உள்ளேயுள்ள பெரிய பற்சில்லு ஒரு தரம் சுற்றும். ஆகவே வந்த எண்ணைப் பத்தால் பிரியுங்கள். 47 வந்தால் 4.7, 35 சொச்சம் வந்தால் 3.54.

பம்பி இயந்திரத்தை வாகனத்தில் பூட்டுவது

நமது பக்கத்தில் கையில் கிடைப்பது ஒற்றைச் சிலிண்டர் டீசல் இயந்திரம். எரிபொருள் குறைவாகக் குடிக்கும், பழுது பார்ப்பது சுலபம். ஆனால் இதைக் காரின் கியர்பொக்ஸோடு சேர்க்கும்போது மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது சுற்றும் திசை. இயந்திரத்தை எந்தப் பக்கம் திருப்பி வைக்கிறோம், பெல்ட்டா பற்சில்லா என்பதைப் பொறுத்துத் திசை மாறிவிடும். கவனிக்காமல் பூட்டினால் நான்கு கியரில் பின்னுக்கும் ஒரு கியரில் முன்னுக்கும் போகும் வாகனம் கிடைக்கும். ஊர் சிரிக்கும். பெல்ட் போட்டுக் கப்பியால் இணைத்தால் திசை மாறாது என்பதை வைத்துக்கொண்டு இயந்திரத்தின் இருப்பைத் தீர்மானியுங்கள். அச்சைத் தலைகீழாகப் போட்டும் திசையை மாற்றலாம் என்பார்கள். எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போகாமல் பற்சில்லு தேய்ந்துவிடலாம், தவிருங்கள்.

இரண்டாவது வேகம். காரின் பெற்றோல் இயந்திரம் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் சுற்று ஓடும். நமது பம்பி இயந்திரம் இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஆகவே அதே கியரில் வாகனம் பாதி வேகத்தில்தான் போகும். இது குறையல்ல. கப்பியைப் பெரிதாக்கி வேகம் கூட்ட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். அந்த ஆசைக்குப் பதில் பிறேக்கைப் பற்றிச் சொல்லும் பகுதியில் இருக்கிறது.

மூன்றாவது அதிர்ச்சி. நான்கு சிலிண்டர் இயந்திரம் இரண்டு சுற்றில் நான்கு சிறிய தள்ளுத் தள்ளும். ஒற்றைச் சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரே ஒரு பெரிய தள்ளு. பாரமான பறக்கும் சில்லு அதைக் கொஞ்சம் சமப்படுத்தும். மிச்சம் பற்சில்லுகளில் சுத்தியல் போல விழும். பெல்ட் நடுவில் இருப்பது இங்கே நல்லது. அது சிறிது வழுக்கி அடியை வாங்கிக்கொள்ளும். மாற்றப் போகும்போதும் பெல்ட் மலிவு, கியர்பொக்ஸ் மலிவல்ல.

எதை ஒட்டலாம், எதை ஒட்டக் கூடாது

ட்ரயல்காரர் செசியைக் குறுக்கும்போது நேர்க்குறுக்காக வெட்டி முனையோடு முனை ஒட்டுவதில்லை. அப்படி ஒட்டினால் அதே கோட்டில் வெடிக்கும். சரிவாக வெட்டி, உள்ளே ஒரு தகடு அல்லது குழாய் செருகி, ஒட்டின் நீளத்தைக் கூட்டுவார்கள். எல்லா ஒட்டும் ஒரே இடத்தில் வராதபடி இடது பக்கமும் வலது பக்கமும் சற்று விலத்தி வைப்பார்கள். இதை நாமும் செய்யலாம்.

அச்சின் உள்தண்டையும் ஸ்பிறிங் தகட்டையும் ஒட்டவே கூடாது. அவை சூடாக்கி ஆற்றிப் பதம் செய்த உருக்கு. வெல்டிங்கின் சூடு அந்தப் பதத்தைக் கெடுக்கும்; ஒட்டு நிற்கும், ஒட்டுக்குப் பக்கத்தில் முறியும். ஸ்ரியறிங்கின் கம்பிகளை வெட்டி ஒட்டி நீளம் சரிசெய்வது தற்கொலைக்குச் சமம். சரியான நீளமுள்ளதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் அச்சின் இடத்தை மாற்றி யோசியுங்கள். கியர்பொக்ஸின் கூடு வார்ப்பிரும்பாக இருந்தால் சாதாரணக் கம்பியில் ஒட்டினால் ஆறும்போது வெடிக்கும். டீசல் இருந்த பரலையோ எண்ணெய்த் தாங்கியையோ, காலியாகத்தானே இருக்கிறது என்று வெல்டிங் செய்யாதீர்கள். காலிப் பரலில் நிற்கும் ஆவிதான் வெடிப்பது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். போர் நடந்த காணிகளில் பழைய இரும்பு பொறுக்கும்போது கிடைக்கும் குழாய், உருளை, மூடிய பெட்டி எதுவாயினும், அது எந்த வாகனத்தின் உறுப்பு என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் தொடாதீர்கள். வெட்டவோ தட்டவோ சூடுகாட்டவோ வேண்டாம். இடத்தை அடையாளப்படுத்திவிட்டு, கிராம சேவகருக்கோ பொலிசுக்கோ மிதிவெடி அகற்றுபவர்களுக்கோ அறிவியுங்கள். பல வருடம் மண்ணில் கிடந்ததால் அது செத்துப்போய்விட்டது என்று நினைப்பது பிழை. இரும்பு எடை போட்டு விற்கும் காசுக்காகப் பிள்ளைகளை இந்த வேலைக்கு அனுப்பும் பெற்றோர் இப்பந்தியை இன்னொரு தரம் வாசிக்கவும்.

பிறேக்

ட்ரயல் வாகனம் பாரம் ஏற்றுவதில்லை. அது மெதுவாகப் போகும், ஓட்டுபவரோடு இன்னொருவர் இருப்பார், அவ்வளவுதான். இங்கே அவர்களுடைய பாடம் நமக்குப் போதாமல் போகிறது. நாங்கள் ஏற்றப்போவது மூட்டைகளை. பல சமயம், சொல்லக் கூச்சமாக இருந்தாலும், மூட்டைகளின் மேல் மனிதர்களையும்.

வேகம் இரண்டு மடங்கானால், நிறுத்தத் தேவையான தூரம் நான்கு மடங்காகும். மணிக்கு 10 கிலோமீற்றரில் 2 மீற்றரில் நின்ற பெட்டி, 20இல் 8 மீற்றர் வேண்டும் என்று நிற்கும். 30இல் 18 மீற்றர். கப்பியைப் பெரிதாக்கி வேகம் கூட்டப் பார்ப்பவர் முதலில் இந்த மூன்று எண்களையும் கொட்டில் சுவரில் எழுதி வைக்கட்டும். பாரம் கூடினாலும் அதே கதைதான்: ஒரு தொன் காருக்குச் செய்த பிறேக், இரண்டு தொன் வண்டியைப் பிடிக்கப் போனால் சூடேறிச் சக்தி இழக்கும்.

பிறேக் உறுப்புகளைக் கலக்கும்போது கெடுவது அதிகம். மிதியின் கீழுள்ள மாஸ்டர் சிலிண்டரும் சில்லுகளிலுள்ள சிறு சிலிண்டர்களும் ஒன்றுக்கொன்று அளவானவை. சிறிய காரின் மாஸ்டர் சிலிண்டரைப் பெரிய வாகனத்தின் அச்சோடு பூட்டினால் போதிய எண்ணெயைத் தள்ளாது. மிதி தரைவரை போகும். மாறிப் பூட்டினால் மிதி கல்லுப் போல நிற்கும், சில்லு பிடிக்காது. ஆகவே அச்சை எந்த வாகனத்திலிருந்து எடுத்தீர்களோ, அதே வாகனத்தின் மாஸ்டர் சிலிண்டரையும் எடுங்கள். ஒரே தடவையில் வாங்கினால் விலை பேசவும் வசதி. கைப்பிறேக் தனிக் கம்பியில் இருக்கட்டும். எண்ணெய்க் குழாய் வெடித்த அன்று அது ஒன்றுதான் மிஞ்சும்.

இரு சில்லு உழவு இயந்திரத்தில், அதாவது நாம் லாண்ட்மாஸ்டர் என்று சொல்வதில், பெட்டி இழுப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சமதரையில் இடது கைப்பிடியின் கிளச்சை அமத்தினால் இடது சில்லுக்குப் போகும் வலு நிற்கும், வலது சில்லு தள்ளும், இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இது எல்லோருக்கும் தெரியும். இறக்கத்தில் பாரமான பெட்டி பின்னாலிருந்து தள்ளும்போது இது தலைகீழாகிவிடும். அப்போது சில்லுகளைப் பிடித்து வைத்திருப்பது இயந்திரம்தான். இடது கிளச்சை அமத்தினால் இடது சில்லு விடுபட்டு உருளும், வலது சில்லு பிடிபட்டு நிற்கும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பும். குளக்கட்டில் இறங்கும்போது இடப்பக்கம் திருப்ப நினைத்தவர் வலப்பக்கத்து வாய்க்காலில் விழுவது இப்படித்தான். இறக்கம் தொடங்குமுன்னே குறைந்த கியருக்கு மாற்றி, வேகத்தைக் குறைத்துவிட்டு, திருப்பும் கிளச்சுகளைத் தொடாமல் கைப்பிடியைத் தள்ளியே திருப்புங்கள். பெட்டியின் பிறேக்கைக் காலால் மெதுவாகப் பிடித்தபடி இறங்குங்கள். பெட்டிக்குப் பிறேக் இல்லையென்றால் அதைக் குளக்கட்டில் ஏற்றவே கூடாது. பழக்கமில்லாத தம்பிமாரை முதலில் வெறும் பெட்டியோடு ஒரு சிறு இறக்கத்தில் பழக்குங்கள்.

பழைய கார் அச்சில் பெட்டி செய்பவர்கள் அச்சை நட்டநடுவில் போடாமல், பாரத்தின் நடுவிலிருந்து சற்றுப் பின்னுக்கு வையுங்கள். முழுப் பாரத்தில் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்கு இழுக்கும் கொளுக்கியில் இறங்க வேண்டும். பின்பாரம் கூடினால் கொளுக்கி மேலே தூக்கும், உழவு இயந்திரத்தின் சில்லுப் பிடிக்காது. கொளுக்கி ஆணிக்குப் பூட்டுக் கம்பியும், பக்கத்தில் ஒரு சங்கிலியும் போடுங்கள்.

சேறும் மணலும்

ரயரில் காற்றைக் குறைத்தால் அது நிலத்தில் நீளமாகப் பரந்து படியும், மணலில் புதையாது. ட்ரயல்காரர் இதை நம்பியே ஓடுகிறார்கள். பாரம் ஏற்றிய வண்டியில் இதை அப்படியே செய்தால் ரயரின் பக்கச் சுவர் மடிந்து மடிந்து வெடிக்கும். வெறுமையாகப் புதைந்துபோனால் காற்றைக் குறைத்து வெளியே எடுங்கள். றோட்டில் ஏறுமுன் பம்பால் திரும்ப அடியுங்கள். பாரத்தோடு புதைந்தால் மூட்டையை இறக்குவதைத் தவிர மலிவான வழி இல்லை. சில்லைச் சேற்றில் சுழலவிட்டு, திடீரென்று ஒரு கல்லில் பிடிக்க விடாதீர்கள். அந்த ஒரு நொடியில்தான், 40 மடங்காகப் பெருகிய வலு முழுதும் ஒரு தண்டில் விழுந்து அது முறிகிறது.

பத்திரங்கள்

வயலுக்குள் மட்டும் ஓடுவது ஒன்று, றோட்டில் ஏறுவது வேறு. பதிவுள்ள வாகனத்தின் இயந்திரத்தை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவுப் புத்தகத்தையும் திருத்த வேண்டும். செசியை வெட்டும்போது செசி இலக்கம் பொறித்த துண்டை வெட்டாதீர்கள், அதன் மேல் ஒட்டாதீர்கள். பழைய இரும்புக் கடையில் வாங்கும் ஒவ்வோர் உறுப்புக்கும் விற்றவரின் கையெழுத்தோடு ஒரு துண்டு வாங்கி வையுங்கள். இடப்பெயர்வில் பத்திரங்களை இழந்தவர்களுக்கு ஒரு துண்டுக் கடதாசியின் பெறுமதியை நான் சொல்லத் தேவையில்லை. பதிவில்லாத வண்டி விபத்துக்குள்ளானால் காப்புறுதி உதவாது; விழுந்தவரின் குடும்பமும் ஓட்டியவரின் குடும்பமும் சேர்ந்தே நொந்துபோகும்.

ஓட்டிப் பார்த்தல்

வேலை முடிந்ததும் சந்தைக்கு ஓட வேண்டாம். முதல் நாள் வெறும் வண்டியை வயல் வரம்போரம் நடக்கிற வேகத்தில் ஓட்டி, நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுவையும் கையால் கிட்டப் பிடித்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அந்தப் பிறேக் உரசுகிறது அல்லது பெயரிங் போகிறது. எல்லாப் போல்ட்டையும் திரும்ப இறுக்குங்கள். முதல் நாளில் தளராத போல்ட் இல்லை. ஒட்டிய இடங்களில் சுண்ணாம்பு பூசி விட்டால் மயிரிழை வெடிப்பும் கோடாகத் தெரியும். அடுத்த நாள், ஏற்ற நினைக்கும் பாரத்தில் பாதியை மணல் மூட்டையாக ஏற்றி, சமதரையில் ஒரு கல்லை அடையாளம் வைத்து, மிதித்த இடத்திலிருந்து எத்தனை அடியில் நிற்கிறது என்று அளந்து எழுதுங்கள். பிறகு முழுப் பாரம். பிறகு சிறு இறக்கம், கைப்பிறேக்கில் மட்டும். இறக்கத்தில் கைப்பிறேக் பிடிக்காவிட்டால் வண்டி திரும்பக் கொட்டிலுக்குப் போகட்டும். இவ்வளவும் முடியும்வரை மணல் மூட்டைதான் பயணி.